சுவிட்ச் போட்ட லேனில் ட்ராஃபிக்கைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி இதுதான். நாற்பது கணினிகள், இரண்டு 24 போர்ட் சுவிட்சுகள், ஒரு ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு உள்ள அலுவலகம். மதியத்துக்கு மேல் இணையம் தவழ்கிறது. லேப்டாப்பில் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) நிறுவி, ப்ரொமிஸ்குவஸ் மோடையும் ஆன் செய்தாயிற்று. ஆனால் அந்த லேப்டாப்பின் பாக்கெட்டுகளும் கொஞ்சம் ஏஆர்பியும் (ஓர் ஐபி முகவரி எந்த நெட்வொர்க் கார்டுக்குரியது என்று கேட்கும் செய்தி) மட்டுமே தெரிகின்றன. மற்றவர்களின் ட்ராஃபிக் ஏன் தெரியவில்லை? யார் இணைப்பை நிரப்புகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வயர்ஷார்க்கில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் காலத்து ஹப், ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். சுவிட்ச் அப்படிச் செய்யாது. வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (லேனில் ஒரு பாக்கெட் பயணிக்கும் உறை) அனுப்பியவரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) பார்த்து, "இந்த முகவரி இந்த போர்ட்டில் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்து அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ப்ரொமிஸ்குவஸ் மோட் என்பது நெட்வொர்க் கார்டுக்குச் சொல்லும் உத்தரவு: உனக்கு முகவரியிடாத ஃபிரேம் வந்தாலும் தூக்கிப் போடாதே. உங்கள் கேபிளுக்கே வராத ஃபிரேமை அந்த உத்தரவு கொண்டுவராது. ஆகவே எந்த மென்பொருள் என்பதைவிட, எந்தக் கேபிளில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

சாதாரண போர்ட்டில் தெரிவதும் வீண் அல்ல. ஏஆர்பி, ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி, பிரின்டரும் டிவியும் தம்மை அறிவித்துக்கொள்ளும் மல்டிகாஸ்ட், ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகி ஃபிரேம்கள் சுற்றாமல் தடுக்கும் முறை) ஓடும் சுவிட்ச் 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பிபிடியு செய்தி எல்லாம் அங்கே கிடைக்கும். சுவிட்சில் எல்எல்டிபி (சாதனம் தன்னை அடுத்த சாதனத்துக்கு அறிவிக்கும் நெறிமுறை) இயங்கினால் 30 விநாடிக்கு ஒரு ஃபிரேம் வரும். சிஸ்கோவின் சிடிபி என்றால் 60 விநாடிக்கு ஒன்று. அதைத் திறந்தால் நீங்கள் எந்த சுவிட்சின் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்பது எழுதியிருக்கும். லேபிள் ஒட்டாத பேட்ச் பேனல் உள்ள இடத்தில் இந்த ஒரு ஃபிரேம் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்.

சாதாரண போர்ட்டிலேயே இரண்டு வேறு கணினிகளுக்கு இடையேயான ட்ராஃபிக் இடைவிடாமல் கொட்டினால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு நோயின் அறிகுறி. சேருமிடத்தின் மேக் முகவரி அட்டவணையில் இல்லாவிட்டால் சுவிட்ச் அந்த ஃபிரேமை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பியே ஆக வேண்டும். அட்டவணைப் பதிவின் ஆயுள் பெரும்பாலான சுவிட்சுகளில் 300 விநாடி. சிஸ்கோ ரவுட்டரில் ஏஆர்பி பதிவின் ஆயுளோ 4 மணி நேரம். வாங்க மட்டும் செய்து, திருப்பி எதுவுமே அனுப்பாத ஒரு சிஸ்லாக் சர்வரை (மற்றச் சாதனங்களின் லாக் பதிவுகளைச் சேமிப்பது) நினைத்துப் பாருங்கள். 300 விநாடி கழிந்ததும் அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை சுவிட்ச் மறந்துவிடும். ரவுட்டருக்கு மட்டும் மேக் முகவரி நினைவில் இருக்கும், அனுப்பிக்கொண்டே இருக்கும். விளைவு, அந்த லாக் முழுவதும் ஒவ்வொரு மேசைக்கும் போகும். போகும் பாதையும் திரும்பும் பாதையும் வேறாக இருக்கும் இரட்டை ரவுட்டர் அமைப்புகளிலும், மைக்ரோசாஃப்டின் நெட்வொர்க் லோட் பேலன்சிங்கை (பல சர்வர்கள் ஒரே முகவரியில் வேலையைப் பகிரும் வசதி) யூனிகாஸ்ட் முறையில் வைத்த இடங்களிலும் இதே கதைதான். மேக் ஆயுளை ஏஆர்பி ஆயுளுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ வைத்தால் முதல் இரண்டும் தீரும். லோட் பேலன்சிங் விஷயம் அதில் தீராது, ஏனென்றால் அந்த மேக் முகவரியை சுவிட்ச் கற்றுக்கொள்ளாதபடி அது வேண்டுமென்றே மறைக்கிறது. அதற்குத் தனி வீலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி லேன்) ஒரு வழி.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். பாக்கெட்டைப் பிடிப்பதற்கு முன் ஒரு படி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "யார் நிரப்புகிறார்கள்" என்ற கேள்விக்கு பாக்கெட்டின் உள்ளடக்கம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் வந்தது, போனது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) வழியாக அதைக் கேட்டு, லிப்ரேஎன்எம்எஸ், காக்டை போன்ற ஒன்றில் வரைபடமாக்கினால் மதியம் இரண்டு மணிக்கு எந்த போர்ட் எகிறியது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. பழைய கவுன்டர் 32 பிட். 100 எம்பிபிஎஸ் முழுவேகத்தில் ஓடினால் அது 343 விநாடியில் நிரம்பி பூஜ்யத்துக்குத் திரும்பும், ஜிகாபிட்டில் 34 விநாடியில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் வழக்கமான அமைப்பில் ஜிகாபிட் போர்ட்டின் வரைபடம் பொய் சொல்லும், அதுவும் ட்ராஃபிக் கூடும்போதுதான் பொய் சொல்லும். 64 பிட் கவுன்டரையே கேளுங்கள். அதற்கு எஸ்என்எம்பி பதிப்பு 2சி அல்லது 3 வேண்டும், பதிப்பு 1 போதாது.

அடுத்த படி ஃப்ளோ. ரவுட்டரோ சுவிட்சோ நெட்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ், எஸ்ஃப்ளோ இவற்றில் ஒன்றைக் கொடுக்குமானால், எந்த ஐபி எந்த ஐபியோடு எந்த டிசிபி அல்லது யுடிபி போர்ட் எண்ணில் (சுவிட்சின் போர்ட் அல்ல) எத்தனை பைட் பேசியது என்ற கணக்கு வரும். நெட்ஃப்ளோவுக்கு யுடிபி 2055, ஐபிஃபிக்ஸுக்கு 4739, எஸ்ஃப்ளோவுக்கு 6343 என்பது வழக்கம். எஸ்ஃப்ளோ மாதிரி எடுக்கும் முறை, ஆயிரம் பாக்கெட்டில் ஒன்று என்பதுபோல. பெரிய பேச்சாளர்களைக் கண்டுபிடிக்க அது நன்றாகவே போதும். ஒரு சிறிய டிஎன்எஸ் கோளாறைத் தேடுகிறவர் அதை நம்பக்கூடாது. உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டு படியிலேயே முடிந்துவிடும். ஆனால் ஃப்ளோ தராத ரவுட்டர் நம் சிறு அலுவலகங்களில் ஏராளம். "நிரம்பவில்லை, இருந்தும் மெதுவாக இருக்கிறது" என்பதும் அடிக்கடி நடப்பதே. அப்போதுதான் பாக்கெட் பிடிக்க வேண்டும்.

அதற்கு முதல் வழி போர்ட் மிரரிங். சிஸ்கோ அதை ஸ்பேன் என்கிறது, ஜூனிப்பர் அனலைசர் என்கிறது. ஒரு போர்ட்டில் போவதையும் வருவதையும் நகலெடுத்து இன்னொரு போர்ட்டில் தள்ளும்படி சுவிட்சிடம் சொல்வதுதான் இது. சிஸ்கோ கேட்டலிஸ்டில் கன்ஃபிகரேஷன் மோடில் இரண்டே வரி. 'மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ்' என்று எழுதி ரவுட்டர் செருகிய போர்ட்டின் பெயர், பிறகு 'போத்'. அடுத்த வரியில் 'மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ்' என்று எழுதி லேப்டாப் செருகிய போர்ட்டின் பெயர். 'ஷோ மானிட்டர் செஷன் 1' போட்டுச் சரிபார்க்கலாம். மற்ற நிறுவனங்களின் சுவிட்சில் பிரௌசர் பக்கத்திலேயே மிரரிங் என்ற பகுதி இருக்கும். மைக்ரோடிக்கில் சுவிட்ச் சிப் இதைச் செய்யும். அது முடியாத மாடலிலும் பாக்கெட் ஸ்னிஃபர் கருவி பாக்கெட்டுகளை டிஇசட்எஸ்பி வடிவில் யுடிபி 37008க்கு அனுப்பும், வயர்ஷார்க் அதைப் பிரித்துக் காட்டும்.

எந்த போர்ட்டை சோர்ஸாக வைப்பது? இணையப் பிரச்சினை என்றால் ரவுட்டரின் லேன் பக்கம் செருகிய போர்ட். ரவுட்டருக்கு வெளியே, சேவை நிறுவனத்தின் பக்கம் நின்றால் நேட் (உள் முகவரிகளை ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது) முடிந்துவிட்டிருக்கும். எல்லாப் பாக்கெட்டும் ரவுட்டரின் ஒரே முகவரியோடு தெரியும், யார் என்பது போய்விடும். அதே சமயம், லேன் பக்கத்து ரவுட்டர் போர்ட்டில் நின்றால் கணக்குப் பிரிவின் கணினி ஃபைல் சர்வரோடு பேசுவது தெரியாது, அது ரவுட்டரைத் தொடுவதே இல்லை. அதற்கு ஃபைல் சர்வரின் போர்ட்டை சோர்ஸாக வைக்க வேண்டும். வைஃபை கணினிகளைப் பார்க்க ஆக்சஸ் பாயின்ட் செருகிய போர்ட். ஆனால் ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் உள்ள இருவர் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் அந்தக் கேபிளுக்கு வராது.

மிரர் போட்டதும் கேப்சரை நம்பிவிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். வேறொரு கணினியிலிருந்து 8.8.8.8க்கு பிங் அனுப்புங்கள். லேப்டாப்பில் ஒவ்வொரு கேள்வியும் ஒருமுறை, ஒவ்வொரு பதிலும் ஒருமுறை தெரிய வேண்டும். கேள்வி மட்டும் தெரிந்தால் ஒரு திசையை மட்டும் மிரர் செய்திருக்கிறீர்கள். இரண்டிரண்டாகத் தெரிந்தால் முழு வீலேனையோ பல போர்ட்டுகளையோ இரு திசையிலும் சோர்ஸாக வைத்திருக்கிறீர்கள். அப்போது ஒரு பாக்கெட் ஒரு போர்ட்டில் நுழையும்போது ஒரு நகலும் இன்னொன்றில் வெளியேறும்போது ஒரு நகலும் எடுக்கப்படும். வயர்ஷார்க் அதை ரீட்ரான்ஸ்மிஷன் என்றும் டூப்ளிகேட் ஏசிகே (பாக்கெட் வந்ததற்கு மறுமுனை அனுப்பும் ஒப்புதல்) என்றும் கறுப்புச் சிவப்பாகக் காட்டும், இல்லாத கோளாறைத் துரத்தி ஒரு நாள் போய்விடும். முழு வீலேனை வைப்பதானால் உள்வரும் திசையை மட்டும் வையுங்கள். பிடித்து முடித்த ஃபைலில் நகல்களை நீக்க எடிட்கேப் கருவியின் சிறிய எழுத்து டி ஆப்ஷன் உதவும்.

மிரரிங்கின் பெரிய குறை கொள்ளளவு. ஜிகாபிட் போர்ட் ஒன்று ஒரே நேரத்தில் 1 ஜிகாபிட் அனுப்பி 1 ஜிகாபிட் வாங்கலாம். இரண்டையும் சேர்த்தால் 2, வெளியே தள்ளும் மிரர் போர்ட்டோ 1 ஜிகாபிட்தான். மிஞ்சியதை சுவிட்ச் சத்தமில்லாமல் கைவிடும். கேப்சரில் "முந்தைய பாக்கெட் பிடிபடவில்லை" என்ற குறிப்பு வந்து, ஆனால் அந்த பாக்கெட்டுக்கு மறுமுனை ஏசிகே அனுப்பியிருந்தால், பாக்கெட் நெட்வொர்க்கில் தொலையவில்லை, உங்கள் கேப்சரில்தான் தொலைந்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கேபிளை மாற்றச் சொல்லும் அறிக்கைகள் நிறைய எழுதப்படுகின்றன. உங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இந்தக் கவலை இல்லை. சர்வர் போர்ட்டுக்கு உண்டு.

இன்னும் சில குறைகள். சிஆர்சி பிழையுள்ள (வழியில் சிதைந்த) ஃபிரேமை சுவிட்ச் முதலிலேயே கழித்துவிடும், மிரருக்கு வராது. கேபிள் கோளாறைத் தேடுவதானால் கேப்சரைப் பார்க்காமல் போர்ட்டின் எரர் கவுன்டரைப் பாருங்கள். வீலேன் டேகும் (எந்த வீலேன் என்று ஃபிரேமில் ஒட்டும் குறி) சாதாரணமாக உதிர்ந்துவிடும். கேட்டலிஸ்டில் டெஸ்டினேஷன் வரியின் இறுதியில் 'என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்' சேர்த்தால் டேகோடு வரும். மிரர் டெஸ்டினேஷன் ஆன போர்ட் சிஸ்கோவில் இயல்பாக வெளியிலிருந்து எதையும் ஏற்காது, எனவே அதே கேபிளில் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க்கை அடைய முடியாது. வேறு வேலைக்கு வைஃபையோ இரண்டாவது கார்டோ வேண்டும்.

உங்கள் சுவிட்சுகள் நிர்வகிக்க முடியாதவை என்றால், மிரரிங் உள்ள ஒரு சிறு சுவிட்ச் வாங்கி ரவுட்டருக்கும் முதன்மை சுவிட்சுக்கும் நடுவில் வைப்பதுதான் மலிவான தீர்வு. டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி108இ, நெட்கியரின் ஜிஎஸ்108இ போன்ற எட்டு போர்ட் சாதனங்களில் இந்த வசதி இருக்கிறது. ஒன்றில் ரவுட்டர், இரண்டில் முதன்மை சுவிட்ச், எட்டில் லேப்டாப். ஒன்றை எட்டுக்கு மிரர் செய்யுங்கள். நடுவில் செருகுவதற்கு முன் தனியாக லேப்டாப்பில் இணைத்து அதன் ஐபி முகவரியையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை முகவரி உங்கள் ரவுட்டரின் முகவரியாகவே இருந்துவிட்டால் அலுவலகம் முழுக்க இணையம் போகும். செருகும்போது ஒரு சிறு தடை வரும். மறுமுனையில் ஸ்பானிங் ட்ரீ ஓடும் சுவிட்ச் இருந்து, அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் அமைப்பு) இல்லையென்றால் 30 விநாடி காத்திருக்க நேரும். அலுவலக நேரத்துக்கு முன் செய்வது நல்லது.

பழைய ஹப்பைத் தேடி அலையாதீர்கள். அதைச் செருகினால் இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கும், நீங்கள் அளக்க வந்த நடத்தையே மாறிவிடும்.

ஒரு பாக்கெட்டும் விடுபடக்கூடாது, நேர அளவும் துல்லியமாக வேண்டும் என்றால் டேப் கருவி. கேபிள் இணைப்பைப் பிரித்து நடுவில் வைக்கும் சாதனம் இது. போகும் திசைக்கு ஒரு வெளியீடு, வரும் திசைக்கு ஒரு வெளியீடு, இரண்டையும் பிடிக்க இரண்டு நெட்வொர்க் கார்டு. மின்சாரம் தேவையில்லாத தாமிர டேப் 10, 100 எம்பிபிஎஸ் வேகங்களுக்கு மட்டுமே வேலை செய்யும். ஜிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடிக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் சிக்னல் அனுப்புவதால் வெறும் கம்பியைக் கிளை பிரித்துக் கேட்க முடியாது. அதனால்தான் த்ரோயிங் ஸ்டார் என்ற மலிவான டேப் இரண்டு கெபாசிட்டர்களை வைத்து இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு வேண்டுமென்றே இறக்குகிறது. உங்கள் இணையம் 100தான் என்பதால் அது உங்களுக்குப் போதும். ஜிகாபிட் சர்வர் இணைப்பில் அதைப் போட்டால் வேகம் பத்தில் ஒன்றாகும். ஃபைபர் டேப் ஒளியையே பங்கு பிரிக்கும். பாதிக்குப் பாதி பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் குறைந்தது 3 டெசிபல் இழப்பு. நீண்ட இணைப்பில் ஒளி அளவைக் கணக்கிடாமல் வைத்தால் இணைப்பே அறும்.

டேப் வாங்க வழியில்லை, ஆனால் இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள லினக்ஸ் பெட்டி இருக்கிறது என்றால் அதை பிரிட்ஜ் (இரு போர்ட்டுக்கும் இடையே ஃபிரேம்களைக் கடத்துவது) ஆக்கி நடுவில் வைக்கலாம். பிரிட்ஜில் இரு போர்ட்டையும் சேர்த்து, ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தி, ஃபார்வர்ட் டிலேயை 0 ஆக்கி, பிரிட்ஜ் இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் (கட்டளைவரியில் பாக்கெட் பிடிக்கும் கருவி) ஓட்டினால் போதும். இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். அந்தப் பெட்டியில் டாக்கர் (கன்டெய்னர் மென்பொருள்) இருந்தால் பிரிட்ஜில் கடக்கும் பாக்கெட்டுகளும் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் விதிக்கு உட்பட்டுக் கைவிடப்படலாம், டாக்கர் அந்த விதியை 'ட்ராப்' என்று மாற்றிவைக்கும். இரண்டாவது, 802.1எக்ஸ் உள்நுழைவு ஃபிரேம்களை லினக்ஸ் பிரிட்ஜ் இயல்பாகக் கடத்தாது. க்ரூப் ஃபார்வர்ட் மாஸ்க்கை 8 என்று வைத்தால் கடத்தும். பெட்டி அணைந்தால் இணைப்பும் அணையும் என்பதால் யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

ஏஆர்பி ஸ்பூஃபிங் செய்து, "நான்தான் ரவுட்டர்" என்று எல்லாக் கணினிகளையும் நம்பவைத்து ட்ராஃபிக்கைத் தன் வழியாகத் திருப்பும் எட்டர்கேப், பெட்டர்கேப் பற்றியும் தேடினால் கிடைக்கும். ஓடும் அலுவலகத்தில் அதைச் செய்யாதீர்கள். நாற்பது பேரின் ட்ராஃபிக் ஒரு லேப்டாப் வழியாகப் போகும், அதுவே தாமதத்தை உண்டாக்கும். ஐபி ஃபார்வர்டிங் ஆன் செய்ய மறந்தால் எல்லாருக்கும் இணையம் நின்றுவிடும், லேப்டாப் திடீரென்று அணைந்தால் பொய்யான ஏஆர்பி பதிவு காலாவதியாகும்வரை நிலைமை அப்படியே இருக்கும். டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் உள்ள சிஸ்கோ சுவிட்சில் விநாடிக்கு 15 ஏஆர்பி பாக்கெட்டைத் தாண்டினால் போர்ட்டே மூடப்படும். மேக் அட்டவணையை நிரப்பி சுவிட்சை ஹப் போல ஆக்கும் மேக்ஆஃப் இதைவிட மோசம். உங்கள் கையில் சுவிட்ச் இருக்கும்போது இவற்றுக்குத் தேவையே இல்லை.

இனி பிடிக்கும் கணினி. கேப்சர் கார்டுக்கு ஐபி முகவரி வேண்டாம், எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது அனுப்பும் டிஎன்எஸ், விண்டோஸ் அறிவிப்புகள் எல்லாம் கேப்சரில் கலக்கும். ஈத்டூல் மூலம் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணையுங்கள். அணைக்காவிட்டால் கார்டும் கெர்னலும் பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி, 1514 பைட்டைவிடப் பெரிய, கம்பியில் ஒருபோதும் போகாத பாக்கெட்டுகளைக் காட்டும். வயர்ஷார்க் திரையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் பிடிக்காதீர்கள், நினைவகம் தீர்ந்து நின்றுவிடும். டம்ப்கேப் அல்லது டிசிபிடம்ப்பைச் சுழல் ஃபைல்களோடு ஓட்டுங்கள். டிசிபிடம்ப்பில் பெரிய எழுத்து சி 100, பெரிய எழுத்து டபிள்யூ 50 என்றால் 100 எம்பி ஃபைல்கள் ஐம்பது, மொத்தம் 5 ஜிபி. அதன்பின் பழையது அழிந்து புதியது எழுதப்படும். சில லினக்ஸ் விநியோகங்களில் டிசிபிடம்ப் தொடங்கியதும் ரூட் அதிகாரத்தை விட்டுவிடும். முதல் ஃபைல் வந்து இரண்டாவதில் அனுமதி மறுப்பு வந்தால் காரணம் அதுதான். பெரிய எழுத்து இசட் ஆப்ஷனில் ரூட் என்று கொடுங்கள், அல்லது அந்தப் பயனருக்கு எழுதும் அனுமதியுள்ள டைரக்டரியில் எழுதுங்கள்.

டிஸ்க் கணக்கு எளிது. 100 எம்பிபிஎஸ் ஒரு திசையில் இடைவிடாமல் ஓடினால் விநாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. யார், எவ்வளவு என்பது மட்டும் போதுமென்றால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 128 பைட்டை மட்டும் வைக்கச் சொல்லுங்கள், சிறிய எழுத்து எஸ் ஆப்ஷன் அதற்குத்தான். ஃபைல் பல மடங்கு சுருங்கும், மற்றவர்களின் உள்ளடக்கமும் உங்கள் டிஸ்க்குக்கு வராது. டிசிபிடம்ப் முடியும்போது கெர்னல் கைவிட்ட பாக்கெட் எண்ணிக்கையைச் சொல்லும். அது 0 இல்லையென்றால் பெரிய எழுத்து பி ஆப்ஷனில் பஃபரைக் கூட்டுங்கள். டேகோடு வரும் ட்ராஃபிக்கில் வெறும் 'ஹோஸ்ட்' ஃபில்டர் எதையும் பிடிக்காமல் போகலாம். டேக் நான்கு பைட் இடம் எடுத்துக்கொள்வதால் ஃபில்டர் தவறான இடத்தில் முகவரியைத் தேடும். 'வீலேன் அன்ட் ஹோஸ்ட்' என்று எழுத வேண்டும்.

பிடித்ததைத் திறந்ததும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் கான்வர்சேஷன்ஸ், ஐபிவி4 தாவல், பைட் வரிசையில். முதல் ஐந்து வரிகளில் பதில் பெரும்பாலும் இருக்கும். இரண்டு திசைகளையும் தனித்தனியே பாருங்கள். மதியத்தில் தவழும் அலுவலகங்களில் குற்றவாளி பெரும்பாலும் பதிவிறக்கம் அல்ல, பதிவேற்றம்: ஒரு கணினியின் கிளவுட் பேக்கப், சிசிடிவி பதிவை வெளியே அனுப்பும் டிவிஆர். மேல்நோக்கிய திசை நிரம்பினால் மற்றவர்களின் ஏசிகேக்கள் மோடத்தின் வரிசையில் காத்துக் கிடக்கும், பதிவிறக்கமும் சேர்ந்து தவழும். அந்த நேரத்தில் பிங் தாமதம் 10, 20 மில்லிவிநாடியிலிருந்து நூற்றுக்கணக்கில் ஏறும். பதிவேற்றத்தை நிறுத்தியதும் இறங்கினால் சந்தேகமே இல்லை. ரவுட்டரில் மேல்நோக்கிய வேகத்தை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி, எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை முறையை வைத்தால் பேக்கப்பும் ஓடும், வேலையும் ஓடும்.

சராசரி 30 எம்பிபிஎஸ் என்று வரைபடம் சொல்லியும் மெதுவாக இருந்தால் ஐஓ கிராஃபை 10 மில்லிவிநாடி இடைவெளிக்கு மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட சராசரியில் மறைந்துபோகும் நொடிப்பொழுது வெடிப்புகள் அங்கே தெரியும். டிஎன்எஸ் பதில் நேரத்தையும் பாருங்கள். பக்கம் திறக்க 5 விநாடி ஆகி, பிறகு வேகமாக இறங்கினால், முதல் டிஎன்எஸ் சர்வர் செத்திருக்கிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

உள்ளடக்கம் பெரும்பாலும் டிஎல்எஸ் மறையாக்கத்தில் மறைந்திருக்கும். எந்தத் தளம் என்பது மட்டும் இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பப்படும் சர்வர் பெயரிலிருந்து தெரியும், யுடிபி 443இல் ஓடும் க்விக்கிலும் வயர்ஷார்க் அதைக் காட்டும். ஈசிஎச் (சர்வர் பெயரையும் மறையாக்கும் வசதி) பயன்படுத்தும் இணைப்பில் அதுவும் மறையும். அப்போது ஐபி முகவரியும் அளவும்தான் மிஞ்சும். நிரப்புவது யார் என்ற கேள்விக்கு அது போதும்.

தொடங்குவதற்கு முன் நிறுவனப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த போர்ட், எத்தனை நாள், யார் பார்ப்பார்கள் என்பது அதில் இருக்கட்டும். உரிமையாளரின் அனுமதியில்லாமல் நெட்வொர்க்கிலிருந்து தரவு எடுப்பது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளில் வருகிறது, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பழைய பிரின்டர், கேமரா, எஃப்டிபி எல்லாம் கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்புகின்றன, அவை உங்கள் ஃபைலில் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் ஃபைல்களை அழித்து, 'நோ மானிட்டர் செஷன் 1' கொடுத்து, கன்ஃபிகரேஷனைச் சேமித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்து அந்த போர்ட்டில் யார் கேபிளைச் செருகுகிறாரோ அவருக்கு நெட் வராது, ஆனால் அலுவலகத்தின் மொத்த ட்ராஃபிக்கும் வந்துகொண்டிருக்கும்.